ஊரும் குடியும் எழுதி வைத்தல்

உலகத்துப் பொருள்கள் யாவும் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்பின என்பது நம் சித்தாந்த நூல்கள் முதற்கண் வைத்துணர்த்தும் உண்மையாகும். ஊரும் குடியும் அவ்வியல்பிற்குப் புறம்பானவையல்ல. ஆயிரங் குடி வாழ்ந்த ஊர் மேடாய்க் கிடத்தலையும், பல தலைமுறை விளங்கிய குடி பெயரின்றி மறைதலையும் நாம் கண்கூடாகக் காண்கின்றோம். அஃது இயற்கை. ஆயின், ஒடுங்கியதன் நினைவையும் அதனோடு உடனொடுங்க விடுதல் இயற்கையன்று. அது நம் சோம்பலின் பயன். ஓர் ஊரின் கதையும் ஒரு குடியின் கதையும் எழுத்தில் ஏறாதவழி, அவற்றையறிந்த கடைசி முதியவர் கண்மூடும் அன்றே அவை முற்றும் அழிகின்றன. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றதினும் எமது பிழையாற் கற்றதே மிகுதி. ஆதலின் அப்பிழையை முன்னர்க் கூறிப் பின்னர்ப் பொருளுட் புகுவாம்.

எம்மூர் காவிரியின் கிளையாறொன்றின் கரையிலுள்ள சிற்றூர். பாடல் பெற்ற தலமன்று. வைப்புத் தலமாக எண்ணப்படுவதும் அன்று. எனினும் ஊர்நடுவே பழைய சிவாலயம் ஒன்றுண்டு. அங்கே அம்பிகை சந்நிதிமுன் வெண்கலத் தூக்குவிளக்கொன்று சங்கிலியில் தொங்கும். கார்த்திகைச் சோமவாரந்தோறும் அவ்விளக்கிற்கு எண்ணெய் வார்த்தல் எம் வீட்டாரின் உரிமையென யாம் பிள்ளைப் பருவந்தொட்டு அறிவோம். அதன் காரணத்தை எந்தையாரின் தமக்கையார் ஒருவரே அறிந்திருந்தார். “அது நம் வீட்டுப் பெண்ணொருத்தியின் விளக்கு, தம்பி. அவள் கதை பெரியது, ஆறமர உட்கார்ந்து சொல்லவேண்டும்” என்று அவர் பலகாற் கூறியதுண்டு.

எமக்குப் பதினேழாம் ஆண்டு நடந்தபொழுது, திருமடத்துப் பாடசாலையினின்று விடுமுறைக்கு ஊர் வந்திருந்தோம். ஒருநாள் மாலை திண்ணையில் யாம் இலக்கண உரையொன்றை விரித்து வைத்துக்கொண்டிருக்க, அத்தையார் அருகில் வந்தமர்ந்து அவ்விளக்கின் கதையைத் தொடங்கினார். கற்றோமென்னும் செருக்கு எமக்கு அப்பொழுது மிகுதி. “அத்தை, எனக்குப் பாடம் இருக்கிறது, பிறகு கேட்கிறேன்” என்றோம். “சரி தம்பி, நீ படி” என்று சொல்லி அவர் எழுந்து உள்ளே சென்றார். அவ்வாண்டு தைத் திங்களில் அவர் சிவனடி சேர்ந்தார். அன்று யாம் உருப்போட்ட உரை இன்றும் எந்த நூலகத்தும் கிடைக்கும். அத்தையார் சொல்ல வந்த கதை யாண்டும் கிடையாது.

ஆண்டுகள் பல சென்று, யாம் பணியோய்வு பெற்று ஊர் திரும்பிய பின்னர், அவ்வாலயத்திற்குத் திருக்குடமுழுக்கு நிகழ்வதாயிற்று. விழா மலர் ஒன்று வெளியிடக் கருதிய இளைஞர்கள் எம்மிடம் வந்து, “ஐயா, இத்தூக்குவிளக்கு யாருடைய உபயம்? எந்தக் காலத்தது?” என்று வினாவினர். விளக்கைத் துலக்கிப் பார்த்தோம், எழுத்தொன்றும் இல்லை. தமிழாசிரியராய் எத்தனையோ மாணவர்க்குப் பிறர் வரலாற்றைப் பாடஞ்சொன்ன யாம், எம் வீட்டு விளக்கைப்பற்றி நான்கு வரிக்குமேல் எழுத மாட்டாது நின்றோம். அந்நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

இனி, ஊரையும் குடியையும் எழுதி வைத்தல் நம்மனோர்க்குப் புதியதொரு வழக்கோ எனின், அன்று. நம் சமயத்தின் நினைவனைத்தும் அவ்வழக்கின்மீதே நிற்கின்றது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் அடியார்களைப் பெயர் சுட்டி வணங்கியருளினார். நம்பியாண்டார் நம்பிகள் திருவந்தாதியில் அப்பெயர்களை விரித்தருளினார். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான், அவ்வடியார் ஒவ்வொருவரையும் அவரவர் நாட்டில், ஊரில், தெருவில், குடியில் நிறுத்திக் காட்டினார். அவர் ஊர் தோறும் வழங்கிய செய்திகளைத் திரட்டாதிருப்பரேல், இன்று நமக்குக் கிடைப்பன பெரும்பாலும் பெயர்களேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டு நோக்குக. திருநாவுக்கரசு சுவாமிகளின் பெருமை அவர்தம் திருப்பதிகங்களாலேயே விளங்கும். அவர் பிறந்த வீட்டின் துயரமோ பெரியபுராணத்தின்கண் அன்றோ விரிந்து விளங்குகின்றது. திருவாமூரிற் குறுக்கையர் குடி, தந்தையார் புகழனார், தாயார் மாதினியார், தமக்கையார் திலகவதியார். அவருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் வடபுலத்துப் போரிற்சென்று பட்டனர். பெற்றோரும் மறைந்தனர். உயிர்துறக்கத் துணிந்த அத்தமக்கையார், தம்பியின் வேண்டுகோட்கு இரங்கி அவர்பொருட்டு உயிர்தாங்கினார். இஃது ஒரு குடியின் கதை. ஒரு வீட்டினுள்ளே நிகழ்ந்த கண்ணீர். இதனைச் சிறியதென்று சேக்கிழார் பெருமான் விடுத்திலர். அத்தமக்கையார் அன்று உயிர்தாங்காதிருப்பின் பின்னர்ச் சூலைநோயுற்ற தம்பிக்குத் திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்வார் யாவர்? பெருவரலாற்றின் வேர் சிறு வீடுகளிற் கிடக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இனிக் கல்லின் சான்று கூறுவாம். தஞ்சை இராசராசேச்சரத்தை எடுப்பித்த முதலாம் இராசராசன், தான் கொடுத்தனவும், தன் தமக்கையார் கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஆகிய யாவற்றையும் கல்லில் வெட்டுமாறு பணித்தான். அரசன் கொடை கல்லில் ஏறுதல் வியப்பன்று. அக்கோயிற்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும், எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், இன்ன தெருவின் இன்ன சிறகில் எத்தனையாம் வீட்டில் இருப்பவர் என்று பெயர் பெயராகக் குறிக்கப்பட்டிருத்தலே வியப்பு. ஒவ்வொருவர்க்கும் ஆண்டொன்றுக்கு நெல் நூறு கலம் பங்காக வைக்கப்பட்டது. நட்டுவர், குயவர், ஈரங்கொல்லியர், தையலர், தச்சர் ஆகியோர்க்கு அளந்த பங்குகளும் அங்கே உள. திருப்பதியம் விண்ணப்பஞ்செய்வார் 48 பேரும் அவர்க்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரும் தத்தம் தீக்கைப் பெயரோடு அங்கே நிற்கின்றனர். அவருள் ஒருவர் இறப்பினும் நீங்கினும் அவ்விடத்து நிற்றற்குரிய உறவினர் யாவர் என்னும் முறையும் வரையறுக்கப்பட்டுள்ளது.

விளக்கைப்பற்றிப் பேசத்தொடங்கினோமாதலின் இன்னும் ஒன்று கூறுதும். அக்கோயிலில் ஒரு திருவிளக்கு இரவும் பகலும் எரிய நாடோறும் உழக்கு நெய் வேண்டும். அதன்பொருட்டு 96 ஆடாதல், 48 பசுவாதல், 16 எருமையாதல் இடையர்பால் ஒப்புவிக்கப்பட்டன. ஆடு பெற்ற இடையரின் பெயரும், அவருக்குப் பிணை நின்றார் பெயரும் கல்லில் உள. ஆயிரம் ஆண்டிற்கு முன்னர் நெய் அளந்த ஓர் இடையரின் பெயரை இன்றும் நாம் வாய்விட்டுப் படித்தல் கூடும். எம் பாட்டனார்க்கு முற்பட்டதொரு விளக்கின் வரலாற்றையோ எம்மாற் கூறல் இயலவில்லை. இடைப்பட்ட வேறுபாடு யாது? ஆங்கு எழுதினார் இருந்தனர். ஈங்கு எழுதினார் இலர். அவ்வளவே.

எழுதப்படாத நினைவு எவ்வளவு விரைவிற் பிறழும் என்பதற்கும் அத்தஞ்சையே சான்றாகும். அப்பெருங்கோயிலின் தலபுராணம் கரிகாலன் என்னும் சோழன் தன் நோய் தீர அதனை எடுத்தான் என்று கூறும். ஊராரும் அவ்வாறே நம்பினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் அக்கல்வெட்டுக்களைப் படித்து வெளியிட்ட பின்னரே, எடுப்பித்தவன் இராசராசன் என்பது உலகறிய விளங்கிற்று. தம் தெருமுனையில் வானளாவ நிற்கும் கோயிலை எடுத்தான் பெயரை ஊரார் மறந்தனர், சுவர் மறந்திலது.

ஏடு அழிந்தும் ஒரு சிற்றூர்ச் சுவர் காத்த செல்வம் ஒன்றும் நமக்குண்டு. தேவாரத் திருப்பதிகங்களிற் பல தில்லையிற் செல்லரித்தொழிய, எஞ்சியனவே நமக்குக் கிடைத்தன என்பது நம் மரபு. ஏடுகள் யாவற்றினும் காணப்படாத திருஞானசம்பந்த சுவாமிகளின் பதிகம் ஒன்று, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருவாரூர்ப் பகுதியிலுள்ள திருவிடைவாய் என்னும் சிற்றூர்க் கோயிற் கல்வெட்டிலிருந்து வெளிப்பட்டது. பேரூர்களின் ஏட்டுச் சுவடிகள் இழந்ததனை ஒரு சிற்றூர் தன் கல்லிற் காத்து வைத்திருந்தது. தம்மூர்ப் பதிகத்தைக் கல்லில் ஏற்றவேண்டும் என்று அவ்வூரிற் கருதியவர் பெயரை நாம் அறியோம். அவர் செய்த திருத்தொண்டின் பயனை நாம் ஓதுகின்றோம்.

அற்றேல், ஈண்டு அன்பர் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர். “யான், எனது என்னும் செருக்கறுத்தலே நம் சமயத்தின் பயன். என் ஊர், என் குடி, என் பாட்டன் என்று ஒருவன் ஏடு நிரப்புதல் அச்செருக்கிற்கு எண்ணெய் வார்த்தலன்றோ? பிறவியறுக்க வந்தவர்க்குப் பிறந்த குடியின் கதை எதற்கு?” என்பர். இத்தடை எளிதிற் புறக்கணிக்கற்பாலதன்று. இற்றை நாளிற் குடிவரலாறென்று அச்சிடப்படுவன பலவற்றைப் படித்தார்க்கு இதன் உண்மை விளங்கும். அவற்றில் முன்னோர் யாவரும் வள்ளல்கள். யாவரும் அரசரால் மதிக்கப்பட்டவர்கள். கடன்பட்டார், வழக்கிற் றோற்றார், பிறர்க்குத் தீங்கிழைத்தார் ஒருவரும் இலர். அத்தகைய ஏடு வரலாறன்று. ஆணவத்திற்குக் கட்டிய மண்டபம்.

ஆயினும், தீய சமையலைக் கண்டு உணவையே வெறுத்தல் அறிவுடைமையன்று. மெய்யாக எழுதப்புகுவார்க்கு எழுத்து செருக்கை வளர்ப்பதற்கு மாறாக அதனை அடக்கும் என்பது எம் துணிபு. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் ‘என் சரித்திரம்’ அதற்குச் சான்று. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்து, 1942இல் அவர் மறைந்தமையின் முற்றுப்பெறாது நின்று, 1950இல் நூலுருப் பெற்ற அவ்வரலாறு, உத்தமதானபுரம் என்னும் அவர் பிறந்த சிற்றூரின் பெயர்க் கதையோடு தொடங்குகின்றது. தஞ்சையரசர் ஒருவர் ஏகாதசியென்பதை மறந்து தாம்பூலந் தரித்த பிழைக்குக் கழுவாயாக எழுந்த ஊர் அது என்று அவர் எழுதுகின்றார். ஊரின் பிறப்பே ஒரு பிழையிலிருந்து கூறப்படுகின்றது. தம் குடும்பத்தின் வறுமையையும், தந்தையார் பிழைப்பு நாடி ஊரூராகப் பெயர்ந்ததையும் அவர் மறைத்திலர். தம் ஆசிரியராகிய திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை, அவர் 1876இல் மறைந்து அரை நூற்றாண்டிற்கு மேலான பின்னரும், அறிந்தாரை வினவி வினவித் தொகுத்து, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்டார். அதனுள்ளும் ஆசிரியரின் கல்விப் பெருமையோடு அவர்பட்ட பொருள் முட்டுப்பாடும் உண்டு. அதனைப் படித்த எவரும் பிள்ளையவர்களைத் தாழ்வாகக் கருதிற்றிலர்; முன்னினும் அணுக்கமாக அறிந்து வணங்கினர்.

இனி, எம் சொந்த அனுபவம் இதனை எமக்கு எவ்வாறு கற்பித்தது என்பதைக் கூறுவாம். விழா மலர்க்கு எழுத மாட்டாது நாணிய யாம், ஊரிலுள்ள முதியோரை ஒவ்வொருவராகக் கண்டு வினவத் தொடங்கினோம். எம் தெருவில் எவரும் அறிந்திலர். ஈற்றில், அடுத்த தெருவிற் செக்கு வாணிகக் குடியிற் பிறந்த மூதாட்டியார் ஒருவர் உளர். அவர்க்கு எண்பது கடந்த அகவை. அவரைக் கேட்கலாம் என்று ஒருவர் கூறினார். அதுகாறும் அத்தெருவிற் சென்று வினவ எமக்குத் தோன்றாமையே எம் அறியாமையின் அளவைக் காட்டும். திருவொற்றியூரில் விளக்கெரித்து உய்ந்த கலியநாயனார் தோன்றிய மரபன்றோ அது!

அம்மூதாட்டியார் எம்மை அமரச் செய்து, மோர் கொடுத்து, யாம் வினவியதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “ஐயா, அந்த விளக்கு உங்கள் வீட்டு விளக்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் பாட்டனார் அப்படிச் சொல்லமாட்டார். பாதி உங்களது, பாதி எங்களது என்பார். எண்ணெய்க்கு உங்கள் வீட்டில் நாங்கள் காசு வாங்கியதில்லை” என்றார். யாம் திகைத்து, “அம்மா, அது எங்கள் வீட்டுப் பெண்ணொருத்தியின் விளக்கென்று எங்கள் அத்தை சொல்வார்களே” என்றோம். “வளர்ந்தது உங்கள் வீட்டில்தான், ஐயா. பிறந்தது எங்கேயோ. தாது வருஷப் பஞ்சத்தில் நடந்து வந்த பிள்ளை. எங்கள் செக்கடியில்தான் முதலில் விழுந்து கிடந்ததாம். பாட்டனாருக்கு அவர் தகப்பனார் சொன்னது” என்றார். “அப்பிள்ளையின் பெயர்?” என்று வினவினோம். “அது உங்கள் அத்தைக்குத்தான் தெரிந்திருக்கும்” என்றார்.

அன்பர்களே, அன்று வரை யாம் எம் குடிக்கே உரியதென எண்ணிப் பெருமிதங்கொண்டிருந்த விளக்கு ஒரு நொடியில் இரு குடிக்கும் பொதுவாயிற்று. எம் வீட்டிற் பிறந்தாளெனக் கருதப்பட்டவள் யாரோ பெற்ற ஏழை மகவாயினாள். செருக்கிற்கு எண்ணெய் வார்க்கச் சென்ற யாம் செருக்கவிந்து மீண்டோம். எழுதவேண்டும் என்னும் கருத்தால் வினவப் புகாதிருந்தால், எம் பெயரன்மாரும் அப்பொய்ப் பெருமிதத்தையே சுமந்து திரிவர். ஆகலின், ஊர்வரலாறு எழுதுவார் தம் தெருவோடு நில்லாது எல்லாத் தெருவினும் சென்று வினவுதல் வேண்டும் என்பதனை முதல் விதியாகக் கொள்க. திருத்தொண்டர் வரலாறு கூறிய பெருமான் வேதியர் மனையையும், வேட்கோவர் சூளையையும், ஆதனூர்ப் புலைப்பாடியையும், வேடர் சீறூரையும் ஒரே அன்போடு பாடியதும் இவ்விதியே.

இரண்டாவது விதியைச் சிவஞானசித்தியாரின் அளவை நமக்குத் தருகின்றது. அளவைகள் பலவாக எண்ணப்படினும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்றும், ஐயமும் திரிபும் நீங்கியதே மெய்யுணர்வென்றும் நாம் பாடங் கேட்டிருக்கின்றோம். மெய்ப்பொருளை யளக்க வந்த அக்கோலால் ஊர்க்கதையையும் அளத்தல் இழுக்காகாது. எழுதுவார், தாம் கண்டது இது, பிறர் சொல்லக் கேட்டது இது, இவற்றைக்கொண்டு தாம் கருதியது இது என மூன்றையும் கலவாது பிரித்தெழுதுக. கேட்டதாயின், சொன்னவர் யார், அவர்க்கு யார் சொன்னார், சொன்னபொழுது அவர் அகவை என்ன என்பவற்றையும் குறிக்க. இருவர் மாறுபடக் கூறின் ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ளாது இரண்டையும் எழுதிவைக்க. நாம் தீர்க்கமாட்டாத ஐயத்தைப் பின்வருவார் தீர்த்தல் கூடும். நாம் அழித்துவிட்டதை அவர் மீட்டல் கூடாது.

எம் விளக்கையே இக்கோலால் அளந்து காட்டுதும். விளக்கு உண்டென்பதும் அதில் எழுத்தில்லை யென்பதும் காண்டல். அத்தையார் கூறியதும் மூதாட்டியார் கூறியதும் உரை. காலமோ கருதலால் அறியற்பாலது. தாது என்பது அறுபதாண்டு வட்டத்தில் மீண்டும் மீண்டும் வரும் பெயர். 1816, 1876, 1936, 1996 ஆகிய ஆண்டுகளிலெல்லாம் தாது பிறந்தது. மூதாட்டியாரின் பாட்டனார் இதனைத் தம் தந்தையார் வாய்க் கேட்டமையின் 1936 ஆகாது. அத்தந்தையார் தாமே கண்டு கூறினமையின் 1816க்கு எட்டாது. ஆகவே 1876ஆம் ஆண்டுத் தாதுவே கொள்ளத்தக்கது. மழை பொய்த்துச் சென்னை மாகாணமும் மைசூர், ஐதராபாது முதலிய நாடுகளும் 1878 வரை வாடிய பெரும்பஞ்சம் அக்காலத்ததே. தாது வருஷப் பஞ்சமென ஊர்தோறும் வழங்குவதும் அதுவே. புன்செய் நாட்டு மக்கள் காவிரி பாயும் நன்செய் நாட்டை நோக்கி நடந்ததும் அக்காலத்து நிகழ்ச்சியே. ஆதலின் இது பொருந்தும். பொருந்தும் என்றே எழுதினோம், உறுதியென்று எழுதினேமல்லேம்.

இதனால் மூன்றாவது விதியும் பெறப்படும். தமிழாண்டின் பெயரை மட்டும் எழுதி அமையற்க. ஆங்கில ஆண்டாதல் திருவள்ளுவராண்டாதல் உடன் எழுதுக. முதியோர் ஆண்டு கூறமாட்டார்; “பெருவெள்ளத்திற்கு மறு வருஷம்”, “புயலடித்த கார்த்திகை” என்றே கூறுவர். காவிரிப் பெருவெள்ளம் 1924இல் நிகழ்ந்தது; நாகைப் புறத்தைத் தாக்கிய பெரும்புயல் 1952இல் அடித்தது; தனுக்கோடியை அழித்த புயல் 1964இல் வந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளை அளவுகோலாக வைத்து வினவின், அவர் பிறந்த ஆண்டும் மணந்த ஆண்டும் தாமே வெளிப்படும்.

வாய்ச்சொல்லேயன்றி வேறு சான்றும் ஒவ்வொரு வீட்டினும் கிடக்கின்றன. பழைய சாதகக் குறிப்பு, நிலவிலைப் பத்திரம், மொய்க் கணக்கு, மண ஓலை, இறந்தார்க்கு அச்சிட்ட சரமகவி ஆகிய இவை பரண்மேற் கிடந்து செல்லுக்கு இரையாகின்றன. வயல்களின் பெயர்களும் வரலாறே. விளக்குப்புறம், மடப்புறம், நந்தவனப்புறம் என்று வழங்கும் நிலங்கள் முன்னொருநாள் எதற்கு விடப்பட்டன என்பதைத் தம் பெயராலேயே கூறுகின்றன. நிலம் மனைக்கட்டாகிப் புதுப்பெயர் சூடும்பொழுது அச்சான்று ஒழிகின்றது. வயல், வாய்க்கால், குளம், படித்துறை ஆகியவற்றின் பெயர்களை மட்டுமேனும் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடல் கூடும்.

குற்றங்களை எழுதுமிடத்து இருப்பாரைப் புண்படுத்தாமை வேண்டும். மறைந்தார் பிழையை வஞ்சமின்றியும், இருப்பார் மறைபொருளை எழுதாதும் செல்லுதல் நன்று. உண்மை கூறுதல் அறம். பழி தூற்றல் அறமன்று. இவ்விரண்டன் வேறுபாடு எழுதுவார் நெஞ்சிற்கே தெரியும்.

எழுதியதைப் படியெடுத்துப் பல இடத்தில் வைத்தல் இறுதி விதி. ஒரு பெட்டியில் ஒரு படியாக இருப்பது இல்லாததற்கு அடுத்தது. யாழ்ப்பாணத்து மயில்வாகனப் புலவர் தம் யாழ்ப்பாண வைபவமாலைக்கு ஆதாரமாகக் கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பவற்றைக் குறித்தார். முதலிரண்டும் நமக்குக் கிடைத்தன, பின்னிரண்டும் கிடைத்தில. அவற்றைப் பார்த்துத் தம் நூலுள் அவர் பொதிந்த அளவே எஞ்சிற்று. அந்நகரத்துப் பெருநூலகம் 1981இல் தீக்கிரையானபொழுது ஏடுகளும் அரிய நூல்களும் சாம்பராயின. முன்னரே அச்சேறிப் பல இடத்தும் பரவியிருந்தமையின் வைபவமாலை இன்றும் நம் கையில் உள்ளது. ஆதலின் கையெழுத்துப் படி வீட்டிலும், ஒரு படி ஊர் நூலகத்திலும், ஒரு படி திருக்கோயில் அல்லது திருமடத்திலும் இருத்தல் நலம். இந்நாளிற் படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றிவைத்தலும் எளிது. ஆயினும் பொறியை நம்பித் தாளைக் கைவிடற்க.

தாது வருஷப் பஞ்சத்தில் அரைக் கோடி மக்களுக்கு மேல் மாண்டனர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். அவருள் எத்துணையர் பெயரை நாம் அறிவோம்? பெருங்கணக்கு அரசர் ஏட்டில் ஏறிற்று. பெயர்கள் அத்தையரோடும் பாட்டியரோடும் போயின. இறைவன் எவரையும் மறவான். அவன் நினைவிற்கு நம் ஏடு வேண்டா. மறப்பேம் யாமே. மறதி ஆணவ மலத்தின் செயலென நூல்கள் கூறும். ஆதலின் பிறர் நமக்குச் செய்ததையும் பிறர் பட்டதையும் மறவாதிருக்க முயலுதல், அம்மலத்தை எதிர்த்து நாம் செய்யும் சிறு தொண்டென்றே கொள்ளலாம்.

குடமுழுக்கு இனிது நிறைவேறிற்று. விழா மலரில் அவ்விளக்கைப்பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினோம். அத்தையார் சொல் ஒருபுறமும், மூதாட்டியார் சொல் ஒருபுறமும், எம் கருத்து அவற்றின் கீழும் வைத்தோம். பெயர் எழுதவேண்டிய இடத்தை வெறிதே விட்டு, “அறிந்தார் நிரப்புக” என்று குறித்தோம். அவ்வாண்டுக் கார்த்திகைச் சோமவாரத்தில் எம் வீட்டாரும் அம்மூதாட்டியாரின் வீட்டாரும் ஒருங்கு நின்று எண்ணெய் வார்த்தனர். மூதாட்டியார் அடுத்த மாசியிற் சிவனடி சேர்ந்தார். அவர் சொல் ஏட்டில் உள்ளது. அவ்வெற்றிடம் இன்னும் வெற்றிடமாகவே உள்ளது.

இதனைப் படிக்கும் அன்பர் ஒவ்வொருவர் வீட்டினும் ஒரு முதியவர் இருப்பர். அவரிடம் ஒரு கதை இருக்கும். அவர் தொடங்கும்பொழுது கையிலுள்ள நூலை மூடிவைத்துவிட்டு எழுதுகோலை எடுங்கள். நூல் காத்திருக்கும், அவர் காத்திரார். இத்தொண்டிற்குத் திருவருள் முன்னின்று துணைபுரிவதாக.